கால்நடைகளின் தோள் தசைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மாட்டுக்குக் காறை எலும்பு (மார்பெலும்பையும் தோளையும் இணைக்கும் எலும்பு) கிடையாது என்கிறார்களே, அப்படியானால் முன்னங்கால் எதில் பொருந்தி நிற்கிறது?

பதில்: எந்த எலும்பிலும் அன்று, தசைகளில்தான். மாடு, குதிரை ஆகியவற்றின் தோள்பட்டை எலும்பு மார்புக்கூட்டின் பக்கவாட்டில் மூட்டு ஏதுமின்றிச் சாய்ந்திருக்கிறது. விலா எலும்புகளிலிருந்து விசிறிபோல் விரிந்து மேலேறும் கீழ் ரம்பத் தசை, தோள்பட்டை எலும்பின் உட்புறத்தில் மேல்பகுதியைப் பற்றிக்கொள்வதால், இரு பக்கத் தசைகளுக்கும் நடுவே உடலின் முன்பாகம் தொங்கிய நிலையில் தாங்கப்படுகிறது. உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது என்பதால், குதித்து இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை முதலில் உள்வாங்குவதும் இந்த அமைப்பே.

கேள்வி: காளையின் திமில் வெறும் கொழுப்பா?

பதில்: அன்று. ஒட்டகத்தின் திமிலோடு ஒப்பிட்டே பலரும் அப்படி எண்ணுகிறார்கள். நம் நாட்டு மாடுகளில் பிடரியையும் தோள்பட்டையையும் இணைக்கும் சாய்சதுரத் தசை பருத்து, இடையிடையே கொழுப்பு படிந்ததே திமில். ஆண் இயக்குநீரின் தூண்டுதலால் அது வளர்கிறது. காங்கேயம் பொலிகாளையின் திமிலளவு காயடித்த எருதுக்கு இல்லாததன் காரணம் இதுதான்.

கேள்வி: வண்டிக்குதிரையின் ஒரு பக்கத் தோள் குழிந்து, நடுவில் எலும்பு துருத்துகிறது. தீனி போதாமையா?

பதில்: தீனி குறைந்தால் உடல் முழுதும் மெலியும், ஒரு தோள் மட்டும் வற்றினால் நரம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் கழுத்தை முன்புறமாகச் சுற்றிச் செல்லும் நரம்பு, அடிபட்டாலோ கழுத்துப்பட்டை ஓயாமல் அழுத்தினாலோ எளிதில் நசுங்குகிறது. அப்போது அந்த எலும்பின் முகட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள இரு தசைகள் வற்றிப்போக, முகடு மட்டும் வரப்புபோல் எழுந்து நிற்கும். குதிரையின் தோள் மூட்டில் எலும்புகளைப் பக்கவாட்டில் பிணைக்கும் தசைநார்க் கட்டுகள் இல்லை. அந்த வேலையை இத்தசைகளின் நாண்களே செய்வதால், காலில் எடை விழும்போதெல்லாம் தோள் வெளிப்புறமாகப் பிதுங்குவதையும் காணலாம். உடனே வேலையை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பு மீண்டும் வளர மாதங்கள் ஆகும். அதற்குள் எண்ணெய் தேய்த்துத் தசையை மீட்க முயல்வதில் பயனில்லை.

கேள்வி: பூனைக்கும் காறை எலும்பு இல்லையா?

பதில்: உண்டு, ஆனால் எதனோடும் மூட்டாகச் சேராமல், கழுத்திலிருந்து மேற்கைக்குச் செல்லும் தசைக்குள் மெல்லிய சிறு குச்சியாகப் புதைந்திருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் இதைக் கண்டு, தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பதாக முடிவுகட்டிவிடக் கூடாது.