சுரங்க ரயில் பாதை: மண்ணுக்கடியில் நடப்பது பற்றிக் கேள்வி பதில்

கட்டுமானம் பற்றிக் கேளுங்கள். கட்டணம், நிலைய அமைவிடம், அரசியல் எல்லாம் வேறு ஆட்களிடம்.

கேள்வி: சுரங்கம் தோண்டும் இயந்திரம் எதைப் பிடித்துக்கொண்டு முன்னே போகிறது?

பதில்: பின்னால் தான் கட்டிவிட்டு வந்த கான்கிரீட் வளையத்தை ஜாக்குகளால் (நீட்டித் தள்ளும் உருளைகள்) உதைத்துக்கொண்டு. ஒரு வளையத்தின் நீளம் 1.4 மீட்டர் என்றால் அவ்வளவு தூரம் குடைந்துவிட்டு நிற்கும். பிறகு செக்மென்ட்களை, அதாவது வளையத்தின் வளைந்த கான்கிரீட் துண்டுகளை, ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பார்கள். பெரும்பாலும் ஐந்து பெரியவை, கடைசியாக ஆப்பு மாதிரி செருகும் ஒரு சாவிக்கல். எந்த செக்மென்ட் வைக்கிறோமோ அதற்கு எதிரே உள்ள ஜாக்குகளை மட்டும்தான் இழுக்க வேண்டும். மொத்தமாக இழுத்தால் முகப்பிலுள்ள, அதாவது முன்னே வெட்டும் இடத்திலுள்ள, மண்ணழுத்தம் இயந்திரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

குடையும் விட்டம் 6.65 மீட்டர், வளையத்தின் வெளிவிட்டம் 6.35 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 15 செ.மீ. இடைவெளி, ஒரு வளையத்துக்குச் சுமார் 4.3 கன மீட்டர். அதை நகரும்போதே கிரவுட் (சிமென்ட் கலவை) கொண்டு நிரப்ப வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் மேலே தரை உட்காரும்.

கேள்வி: வீட்டுச் சுவரில் விரிசல். சுரங்கம்தான் காரணமா?

பதில்: விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். அகலம் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் பூச்சு வேலையோடு முடியும். நீண்டுகொண்டே போனாலோ, கதவு திடீரென இறுகினாலோ உடனே சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் எடுத்த கட்டட ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர்?

பதில்: நல்ல மண்ணில் பத்து மீட்டர் சாதாரணம். தேய்ந்த கட்டர்களை (வெட்டும் பற்கள்) மாற்ற நின்றால் பூஜ்யம்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் விரிசல்...

பதில்: இரண்டு பதில்களுக்கு மேலே பாருங்கள்.

கேள்வி: கீழே பாறை, மேலே மணல். பாறைதான் தாங்குமே, முகப்பு அழுத்தத்தை (மண் சரியாமல் இயந்திரம் கொடுக்கும் எதிரழுத்தம்) குறைத்து வேகமாகப் போனால் என்ன?

பதில்: முழு முகப்பும் தானே நிற்கும் பாறையென்றால் சரி. பாதிப் பாறை, பாதி மணல் என்றால் இதைவிட ஆபத்தான யோசனை இல்லை. பாறை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் விட்டுக்கொடுக்கும். அந்த நேரமெல்லாம் மேலேயுள்ள மணல், வெட்டிய மண் சேரும் அறைக்குள் சரிந்துகொண்டே இருக்கும், அதை வெளியேற்றும் திருகு கன்வேயரும் அள்ளிக்கொண்டே இருக்கும். இயந்திரம் நகரவில்லை, மண் மட்டும் வெளியேறுகிறது. மேலே உருவான பொந்து சில நாள் கழித்துத்தான் சாலையில் தெரியும்.

கேள்வி (அதே நண்பர்): அறையில் அழுத்தமானி இருக்கிறதே. அழுத்தம் சரியென்றால் மண்ணும் சரிதானே?

பதில்: இல்லை. அறையில் பாதி, மண்ணை இளக்கச் செலுத்தும் நுரையும் காற்றுமாக இருந்தாலும் மானி அதே எண்ணைக் காட்டும். எடையைப் பாருங்கள். மேலே சொன்ன அளவில் ஒரு வளையத்துக்கு வெட்டியெடுப்பது 48.6 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.9 டன் என்றால் 92 டன். வெளியே வரும்போது உதிர்ந்து பருத்துவிடுவதால் வண்டிக் கணக்கு ஏமாற்றும். எடை அவ்வளவு ஏமாற்றாது, சேர்த்த நீரைக் கழித்தால் போதும். 105 டன் வந்தால் அடுத்த வளையத்தைத் தொடாதீர்கள். கணக்கில் வராத மண் எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை நில்லுங்கள்.

கேள்வி (அவரே): ஒரே ஒரு வளையத்துக்காகவா நிறுத்துவது?

பதில்: ஆமாம். ஒரே ஒரு வளையத்துக்காக. இன்னொரு முறை கேட்டாலும் இதேதான்.

கேள்வி: முதல் சுரங்க ரயிலையும் இப்படித்தான் குடைந்தார்களா?

பதில்: இல்லை. லண்டனில் 1863-இல் திறந்த பாதை சாலையைத் தோண்டி, கட்டி, மூடியது. ஓடியது நீராவி எஞ்சின், புகையோடு பயணம். மண் சரியாமல் காக்கும் இரும்புக் கவசத்துக்குள் நின்று குடையும் முறை அதற்கும் முந்தியது. தேம்ஸ் ஆற்றின் அடியில் 1825-இல் தொடங்கி 1843-இல் திறந்தார்கள்.

கேள்வி: ரயில் ஓடினால் வீடு அதிருமா?

பதில்: தண்டவாளத்துக்கு அடியிலுள்ள கான்கிரீட் பலகையை ரப்பர் அல்லது சுருள்வில் மீது மிதக்கவிட்டால் பெரிதும் குறையும். ஆனால் அதை வடிவமைப்பிலேயே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: விரிசல் பற்றி...

பதில்: பென்சில். ஸ்கேல். தேதி.

கேள்வி: வீட்டில் பயன்படாத ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. சொல்ல வேண்டுமா?

பதில்: இன்றே சொல்லுங்கள். சுரங்கத்தின் பாதையில் இருந்தால் அந்த ஓட்டை வழியாக அழுத்தம் தப்பி, நுரை உங்கள் முற்றத்தில் பொங்கும். இயந்திரம் வந்து சேருமுன் அதை கிரவுட் கொண்டு அடைத்தாக வேண்டும்.