‘கன்ட்ரி ரோட்ஸ்’ பாட்டை எழுதியவர்கள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைப் பார்த்ததே இல்லையாமே, அப்புறம் ஏன் அந்த மாநிலத்துக்காரர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

ஏதோ ஒரு வீடியோவில் இதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தகவல் சரிதான். பில் டனாஃபும் டாஃபி நிவெர்ட்டும் மேரிலாந்தில் ஒரு சின்ன ரோட்டில் காரில் போகும்போது பிறந்த பாட்டு அது. மாசசூசெட்ஸ்காரரான டனாஃப் முதலில் தன் மாநிலத்தின் பெயரையே போடலாமா என்று யோசித்திருக்கிறார். 1970 டிசம்பரில், அதைப் பாடிய பாடகர் ஜான் டென்வரோடு சேர்ந்து முடித்தார்கள். 1971இல் அமெரிக்காவின் ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. பாட்டில் வரும் ப்ளூ ரிட்ஜ் மலையும் ஷெனண்டோவா ஆறும் பெரும்பாலும் பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில்தான் இருக்கின்றன. மேற்கு வர்ஜீனியாவின் கிழக்கு ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு போகின்றன.

இவ்வளவும் எனக்கு 2009இலேயே தெரியும். மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மோர்கன்டவுனில் எம்.எஸ். படிக்கப் போன புதிது. பக்கத்து வீட்டில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். ஒரு நாள் அவர் வாசலில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்க, நான் போய் இந்த ஆறு, மலை விவரத்தையெல்லாம் விளக்கினேன். முழுவதும் கேட்டார். அது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்றார். பிறகு தன் அண்ணன்கள் இருவரைப் பற்றிச் சொன்னார்.

இரண்டு பேரும் ஒஹையோவில் உள்ள ஆக்ரனுக்கு டயர் ஃபேக்டரி வேலைக்குப் போனவர்கள். அந்தக் காலத்தில் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக அங்கே போனார்களாம். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவார்கள். ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தால் பெரிய அண்ணன் காரை ஓரங்கட்டி, முடிகிற வரை கேட்டுவிட்டுத்தான் கிளப்புவாராம். கடைசிவரை அவர் ஊரோடு வந்து சேரவில்லை. ஆக்ரனிலேயே இறந்து, பெட்டியில்தான் வந்தார்.

அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 1950இல் 20 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் கீழே. அமெரிக்கா முழுவதும் ஜனம் பெருகிய எழுபது வருஷத்தில் இவர்கள் மட்டும் குறைந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒவ்வொரு வீட்டிலும் வெளியே போன ஒருவர் இருப்பார். வீட்டுக்குக் கூட்டிப் போ என்று ரோட்டைப் பார்த்துக் கெஞ்சுகிற பாட்டு அவர்களுக்குப் பிடிக்காமல் வேறு யாருக்குப் பிடிக்கும்?

மோர்கன்டவுனில் எங்கள் பல்கலைக்கழக ஃபுட்பால் மைதானத்தில் ஜெயித்த பிறகு எல்லோரும் தோளில் கை போட்டுக்கொண்டு இதைப் பாடுவார்கள். அந்த மைதானம் 1980இல் திறந்தபோது டென்வரே வந்து பாடியிருக்கிறார். 2014இல் மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பாடல்களில் ஒன்றாகவும் ஆக்கிவிட்டார்கள். நான் போன முதல் ஆட்டத்தில் என் தோளில் கை போட்டவர் யாரென்றே எனக்குத் தெரியாது. எனக்கும் தொண்டை அடைத்தது.

சுரங்கக் கம்பெனிகள் மலை உச்சிகளை வெடி வைத்துப் பெயர்த்ததைப் பற்றிப் பாட்டு பேசவில்லையே என்று கீழே யாராவது எழுதுவீர்கள். பேசவில்லைதான். அந்த மொட்டை மலைகளை நானும் பார்த்திருக்கிறேன். அதற்காக அண்ணன் காரை நிறுத்தியது பொய்யாகிவிடாது.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அம்மா எனக்கு எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் கூரியரில் அனுப்பினார். ஊரில் அந்தக் கூரியர் ஆபீஸில் இருந்தவர் ‘மேற்கு’ என்பதை விட்டுவிட்டு வெறும் வர்ஜீனியா என்று அடித்துவிட்டார். மூன்று வாரம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஊறுகாய் பாட்டில் உடைந்து எண்ணெய் வழிந்த பெட்டி வந்தது. நஷ்ட ஈடு கேட்டதற்கு முகவரி சரியாகச் சொல்லவில்லை என்று அம்மா மேலேயே பழி போட்டார்கள். அம்மா தெளிவாக எழுதிக் கொடுத்த காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தப் பெட்டியைப் பெரியவரிடம் காட்டினேன். ஆறும் மலையும் எங்கே இருந்தால் என்ன என்று இருந்த மனுஷன், சீட்டில் வர்ஜீனியா என்று இருந்ததைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டார். நாங்கள் 1863இலேயே தனி மாநிலம் ஆகிவிட்டோம், அந்த ஆபீஸுக்குப் போன் போட்டுக் கொடு, நான் பேசுகிறேன் என்றார்.