சாயப் பட்டறைக்குப் போன துணி யார் கணக்கில்?

கேள்வி: நான்கு யூனிட்டுகள் கொண்ட பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், எல்லாப் பிரிவுகளின் பதிவுகளையும் ஒன்றாக இணைக்கும் புதிய ஈ.ஆர்.பி. மென்பொருளைக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் உள்ளது. எல்லா விவரமும் பதிவாகாமல் ஒரு ரோல் துணிகூட கேட்டைத் தாண்டக் கூடாது என்கிறது கணக்குப் பிரிவு. அப்படியானால் வண்டி நின்றுவிடும் என்கிறது உற்பத்திப் பிரிவு. வாங்குபவர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கோ ஆர்டர் நிலவரம் மட்டும் தெரிந்தால் போதும். நான் யார் பக்கம் நிற்பது?
– வாசகர், திருப்பூர்

பதில்: முதலில், பேசித் தீர்க்க முடியாததைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு, அதாவது சாயமேற்றுவதுபோல வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கு, போகும் சரக்கு செல்லான் எனும் அனுப்புச் சீட்டுடன்தான் போக வேண்டும். அந்த மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வராமலும், அங்கிருந்தே விற்பனைக்குப் போகாமலும் இருந்தால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றுவிட்டதாகச் சட்டம் கொள்ளும். ஆகவே கணக்குப் பிரிவின் பிடிவாதத்தில் பாதி நியாயமானது. ஆனால் சரக்கின் பெயர், அளவு, மதிப்பு ஆகியவற்றைக் கேட்கும் செல்லான், எந்த ஆர்டரின் செலவில் எத்தனை கிலோ என்ற பிரிப்பைக் கேட்பதில்லை. அந்தப் பிரிப்பை மாலையில் அலுவலகத்தில் அமர்ந்து போட்டுக்கொள்ளலாம். அதற்காக வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

உண்மையான சச்சரவு அளவையில்தான் இருக்கிறது. ஸ்டோர்ஸ் கிலோவிலும், கட்டிங் பிரிவு பீஸிலும், மெர்ச்சண்டைசர் ஆர்டர் எண்ணிலும் ஒரே துணியைப் பார்க்கிறார்கள். சாயப் பட்டறைக்குப் போன எடை அப்படியே திரும்பி வருவதில்லை என்பது உங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. துணி வகைக்கும் நிறத்திற்கும் ஏற்ப எவ்வளவு எடையிழப்பை ஏற்பது, ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மாறினால் ஒரு டஜனுக்கான துணிக் கணக்கை யார் திருத்துவது என்பவற்றை மூன்று பிரிவினரையும் ஒன்றாக அமர்த்தி முடிவு செய்து, அதில் முதலாளியின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். அந்த முடிவை மென்பொருள் விற்பவரிடம் விட்டால், அவருக்கு எளிதானதே உங்கள் விதியாகிவிடும்.

தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில் மாற்றத்தைத் தொடங்காதீர்கள். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில், ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் நேரத்தில் இதுபோன்ற புதிய மென்பொருளுக்கு மாறி, சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியாமல் திண்டாடியது. கிடங்கில் சரக்கு இருந்தும் இந்த நிலை.

இன்னொன்று. உங்கள் துணிப் பொறுப்பாளர் சட்டைப்பையில் ஒரு நோட்டு வைத்திருப்பார். அதைப் பிடுங்காமல் கேட்டு வாங்கிப் பாருங்கள்; அதிலிருக்கும் பத்திகள் உங்கள் திரையில் இல்லையென்றால், திரையைத்தான் திருத்த வேண்டும்.