உனக்கு என்ன படுகிறது?

கேள்வி: அக்கா, என் கணவர் எட்டு வருடமாகக் கட்டாரில் வேலை செய்கிறார். சேர்த்த காசில் நிலாவெளியில் ஒரு காணி வாங்கி, உல்லாசப் பயணிகளுக்கு நாலு அறை கட்டலாம் என்று யோசனை. ஒரு மாதமாக இரவு இரவாக சாட்ஜிபிடியிடம் கேட்டு எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். போன கிழமை அழைப்பில் இவர், "சரி, உனக்கு என்ன படுது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. "கொஞ்சம் இருங்கோ" என்றுவிட்டு போனில் தேடினேன். என் மூளை மழுங்கிப் போகிறதா?
- வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, மழுங்கியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஆனால் பயந்தது நியாயம்தான். அவர் கேட்டது உங்களை. நீங்கள் தேடியது வேறு ஒருவருடைய பதிலை.

எனக்கும் இது நடந்தது. அம்மாவின் வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று குழம்பிய ஓர் இரவு, "இப்போதே விற்பது நல்லதுதானே?" என்று சாட்ஜிபிடியிடம் கேட்டேன். ஆமாம் என்று ஏழு காரணம் அடுக்கியது. நிம்மதியாகத் தூங்கினேன். விடிய, அம்மா முற்றத்து முருங்கையில் காய் பறிப்பதைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. புதிதாக ஆரம்பித்து, "விற்காமல் வைத்திருப்பதுதானே புத்தி?" என்றேன். அதற்கும் ஏழு காரணம்! அதே மரியாதை, அதே உறுதி. எந்தப் பதில் மனிதருக்குப் பிடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழக்கிய கருவி அது. நம் பக்கம் சாய்வது அதற்குச் சுலபம். (வீடு இன்னும் விற்கவில்லை.)

படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். 2023இல் நியூயோர்க்கில், 30 வருட அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞர் சாட்ஜிபிடி தந்த பழைய தீர்ப்புகளை நம்பினார். அவை நீதிமன்றம் வரை போயின. அப்படி வழக்குகளே நடந்திருக்கவில்லை. சந்தேகம் வந்து அவர் "இது உண்மையான வழக்கா?" என்று கேட்டது யாரிடம் தெரியுமா? அதனிடமே. உண்மைதான் என்றது. அவருக்கும், சேர்ந்து வேலை செய்தவருக்கும், நிறுவனத்துக்குமாக 5,000 டொலர் தண்டம்.

அதனால் கேட்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். முறையை மாற்றுங்கள். இன்று இரவு போனைக் குசினியில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து எழுதுங்கள்: வாங்க ஏன் ஆசை, எது பயம், என்ன தெரிந்தால் மனம் மாறும். அந்தக் கடைசிக் கேள்விக்கு நேரம் எடுங்கள், அதுதான் கஷ்டமானது. பிறகு சாட்ஜிபிடியிடம் போங்கள். உங்கள் விருப்பத்தைக் காட்டாமல், "ஐந்து வருடத்தில் இந்த முயற்சி நட்டத்தில் முடிந்தது என்று வை, நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்?" என்று கேளுங்கள். வருவதைக் கொப்பியோடு ஒப்பிட்டு, ஒத்துக்கொள்ளாததை வெட்டுங்கள்.

அப்புறம் காணிக்குப் போங்கள். தமிழில் கேட்டால் சில வேளை சாட்ஜிபிடி பட்டா, சிட்டா என்று தமிழ்நாட்டுக் கணக்கில் பேசும். இங்கே முதல் கேள்வி, உறுதிக் காணியா (உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணி), பேர்மிட் காணியா (அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி) என்பது. பேர்மிட் என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. உறுதி என்றால் நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். கடலுக்குக் கிட்ட என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும் என்பதைச் சொல்ல மாட்டார்.

ஒரு தடவை மாரியில் போங்கள். எங்கே வெள்ளம் நிற்கிறது என்று பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தெரியும். கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். ஏற்கனவே அறை வைத்திருக்கும் யாரிடமாவது, மே முதல் செப்டெம்பர் வரை வரும் காசில் மற்ற மாதங்களை எப்படித் தள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். சிலர் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுவார்கள், அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

உங்கள் கணவர் அடுத்த தடவை கேட்கும்போது பதில் அரைகுறையாக இருந்தால் இருக்கட்டும். "தண்ணி உவர்க்குது, எனக்கு மனம் வரேல்ல" என்பதும் பதில்தான். ஏன் என்று அவர் கேட்பார். அங்கிருந்து இரண்டு பேரும் கதைக்கத் தொடங்குங்கள்.