கிட்டார் ஆம்ப் கேள்வி பதில்: 100 வாட் எதுக்குங்க?

போன இதழ்ல டியூப் ஆம்ப் (வால்வு போட்ட ஆம்ப்ளிபையர்) பத்தி நாலு வரி எழுதினதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நெனைக்கல. பாதிக்கு மேல "எத்தன வாட் வாங்கலாம்"னுதான் கேட்டிருக்கீங்க, அதனால அதையே மொதல்ல எடுத்துக்கறேன். பேர் வேணாம்னு பல பேர் சொன்னதால ஊர் மட்டும் போட்டிருக்கு.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் ரெண்டாவது வருஷம், 60ஸ் 70ஸ் ராக் மட்டும்தான் கேப்பேன். அந்த சவுண்டு வரணும்னா 100 வாட் வால்வு ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) நாலு ஸ்பீக்கர் கேபினட்டும் இருந்தே ஆகணும்னு பிரெண்டு சொல்றான். செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வந்திருக்கு. வீடு அபார்ட்மெண்ட். வாங்கலாமா? (திருச்சி)

பதில்: வேணாம் தம்பி. கேபினட்ட லிப்ட்ல ஏத்தறதுக்குள்ள அசோசியேஷன் செக்ரட்டரி வந்து நிப்பாரு. சரி, அவரையும் காசையும் எடையையும் விடுங்க, நீங்க தேடற சவுண்டே உங்க வீட்ல அதுல வராது. ரெக்கார்டுல கேக்கற அந்த கரகரப்பு, நோட்டு மெதுவா வீங்கி இழுக்கற மாதிரி ஒரு பீல், அதெல்லாம் வால்வு தன்னால தாங்க முடியற அளவத் தாண்டி சிக்னல் வாங்கும்போதுதான் வருது. அந்த எடத்துல அலையோட உச்சி பட்டுனு வெட்டுப்படாம மெல்ல மழுங்குது, அதோட அவுட்புட் டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் ரெண்டும் சேர்ந்து திணறுது, அந்த மொத்தத் திணறலுக்குத்தான் நாம டோன்னு பேர் வச்சிருக்கோம். 100 வாட் ஆம்ப் அந்த எடத்துக்குப் போகணும்னா ஜன்னல் கண்ணாடி அதிரணும், நீங்க வீட்ல வால்யூம் ஒண்ணுல வச்சு வாசிப்பீங்க, சுத்தமா சன்னமா ஒரு சவுண்டு வரும், ஆறு மாசத்துல வித்துருவீங்க.

கணக்கையும் சொல்லிடறேன். வாட் ரெண்டு மடங்கானா சத்தம் ஏறறது வெறும் 3 டெசிபல், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமாரா பத்து மடங்கு பவர் வேணும். அப்ப 15 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவுல இருக்கறது 8 டெசிபல் சொச்சம்தான், காதுக்கு ரெண்டு மடங்கு கூட இல்ல. அதே நேரம் கிட்டார் ஸ்பீக்கர் எல்லாம் ரொம்ப சென்சிடிவ்வானது, செலஸ்டியன் ப்ளூ மாதிரி ஸ்பீக்கருக்கு ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 100 டெசிபல் வரும், 15 வாட் முழுசா குடுத்தா 112கிட்ட. பெட்ரூம்ல இது தாங்குமா? உண்மையச் சொன்னா அபார்ட்மெண்டுக்கு 5 வாட்டே ஜாஸ்தி.

அப்ப 100 வாட் எதுக்கு வந்துச்சுன்னு கேப்பீங்க. 1965 வாக்குல தி ஹூ பேண்டோட பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேணும் இன்னும் சத்தம் வேணும்னு லண்டன்ல ஜிம் மார்ஷல் கடையில நச்சரிச்சாரு, அப்பல்லாம் ஹால்ல இருந்த பிஏ சிஸ்டம் (மைக் சத்தத்த கூட்டத்துக்குக் கேக்க வைக்கற ஸ்பீக்கர் செட்டு) பாடறவங்களுக்கே பத்தாது, கிட்டார் ஆம்ப்ல இருந்து நேரா கூட்டத்துக்குப் போய்ச் சேரணும். அந்தத் தேவைக்குப் பொறந்த ஐட்டம் அது. இன்னிக்கு சின்ன ஆம்ப் முன்னாடி ஒரு மைக் வச்சா ஸ்டேடியமே கேக்கும். நீல் யங் பல வருஷமா பெரிய பெரிய மேடையில வாசிக்கறது 1959ல செஞ்ச ஒரு பெண்டர் ட்வீட் டீலக்ஸ் ஆம்ப்ல, ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், 15 வாட் பக்கம்தான் வரும்.

இன்னொரு கதை. 1966ல லண்டன் டெக்கா ஸ்டூடியோல ஜான் மேயால் பேண்டுக்கு எரிக் கிளாப்டன் வாசிச்சப்ப, மேடையில எந்த சத்தத்துல வாசிப்பனோ அதே சத்தத்துலதான் ஸ்டூடியோலயும் வாசிப்பேன்னு நின்னுட்டாரு. ஸ்டூடியோல ஆம்ப சின்னதா வச்சு வாசிக்கறதுதான் அன்னிக்குப் பழக்கம், இஞ்சினியருங்க தவிச்சுப் போயிட்டாங்க. கையில லெஸ் பால் கிட்டார், ஆம்ப் மார்ஷல் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில), அதுவும் 100 வாட் எல்லாம் இல்ல, பாதிக்கும் கீழ. அந்த சவுண்டத்தான் இன்னி வரைக்கும் எல்லாரும் தொரத்திக்கிட்டு இருக்கோம். பிரெண்டுகிட்ட இதச் சொல்லுங்க.

கேள்வி: பெண்டர், வாக்ஸ், மார்ஷல் மூணுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கா, இல்ல ஸ்டிக்கர் மட்டும்தானா? (மதுரை)

பதில்: இருக்கு, ஆனா பங்காளிங்கதான். கலிபோர்னியால புல்லர்ட்டன் ஊர்ல லியோ பெண்டர் 50களோட கடைசியில ஒரு பாஸ்மேன் ஆம்ப் போட்டாரு, நாலு 10 இன்ச் ஸ்பீக்கரோட. பேரு பாஸ், ஆனா கிட்டார்காரங்கதான் அள்ளிக்கிட்டுப் போனாங்க. லண்டன்ல ஹேன்வெல்ங்கற எடத்துல ஜிம் மார்ஷல்னு ஒருத்தர், அவர் டிரம்ஸ் வாத்தியார், டிரம்ஸ் கடை வச்சிருந்தாரு, கடைக்கு வர்ற பசங்க எல்லாம் அமெரிக்க ஆம்ப் வெல ஜாஸ்தியா இருக்குன்னு பொலம்பவும் கடையில ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்த கென் பிரானையும் இன்னும் ரெண்டு பேரையும் வச்சு அதே பாஸ்மேன் சர்க்யூட்ட பாத்து 1962-63ல ஜேடிஎம்45னு ஒண்ண செஞ்சாரு. கிட்டத்தட்ட ஈயடிச்சான் காப்பி.

அப்பறம் ஏன் வேற மாதிரி கேக்குதுன்னா சில்லற சில்லறயா மாத்தம் சேருது. மொத ஸ்டேஜ்ல பெண்டர் போட்ட 12ஏஒய்7 வால்வுக்கு பதிலா கெயின் (சிக்னல பெருக்கற அளவு) ஜாஸ்தி இருக்கற ஈசிசி83, அப்பறம் பவர் ஸ்டேஜ்ல பிரிட்டிஷ் கேடி66, கொஞ்ச வருஷம் கழிச்சு ஈஎல்34. எல்லாத்துக்கும் மேல ஸ்பீக்கர். பெண்டர்ல பின்பக்கம் திறந்த பெட்டியில ஜென்சன் ஸ்பீக்கர், மார்ஷல்ல மூடின பெட்டியில நாலு 12 இன்ச் செலஸ்டியன். என்னக் கேட்டா வித்தியாசத்துல பாதி இந்தப் பெட்டியிலதான் இருக்கு, ஜனங்க வால்வுக்கு செலவு பண்ணுவாங்க, ஸ்பீக்கர கண்டுக்கவே மாட்டாங்க.

வாக்ஸ் தனி ரூட்டு. டிக் டென்னி டிசைன் பண்ணது, கென்ட்ல டார்ட்போர்ட் ஊர்ல இருந்து வந்துச்சு. ஏசி30ல நாலு ஈஎல்84 வால்வு, நெகடிவ் பீட்பேக் கெடையாது. நெகடிவ் பீட்பேக்ங்கறது வெளிய போற சிக்னல்ல கொஞ்சம் எடுத்து பின்னாடி கொண்டு வந்து தப்பத் திருத்தறது, அது இருந்தா சவுண்டு இறுக்கமா இருந்துட்டு திடீர்னு உடையும் (கரகரப்பா மாறும்), இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா உடையும். அதான் ஏசி30ல அந்த மணி அடிக்கற மாதிரி மினுமினுப்பு. ஷேடோஸ், பீட்டில்ஸ் எல்லாம் அதுலதான் வாசிச்சாங்க. ட்வீட் டீலக்ஸ்லயும் பீட்பேக் கெடையாது, அதனாலதான் ரெண்டும் விரலுக்கு அப்படி பதில் சொல்லுது.

கேள்வி: அமெரிக்காவுல இருந்து கசின் 120 வோல்ட் பெண்டர் ஒண்ணு கொண்டு வர்றார். பிளக் அடாப்டர் போட்டா போதுமா சார்? (சென்னை)

பதில்: ஐயோ போதாது. அடாப்டர் பின்ன மட்டும்தான் மாத்தும், நம்ம 230 வோல்ட் நேரா உள்ள போகும், பியூஸ் போனா உங்க அதிர்ஷ்டம், இல்லன்னா பவர் டிரான்ஸ்பார்மர் போகும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குங்க, ரிட்சி ஸ்ட்ரீட்ல கேட்டா செஞ்சே குடுப்பாங்க. ஆம்ப் பின்னாடி எத்தன வாட் இழுக்கும்னு போட்டிருக்கும், 22 வாட் ஆம்ப்னா ஸ்பீக்கருக்கு வர்றதுதான் 22, செவுத்துல இருந்து இழுக்கறது அதுக்குப் பல மடங்கு, அந்த நம்பர விட ஒண்ணரை மடங்காவது பெருசா வாங்குங்க. எர்த் பின் மறுபக்கம் வரைக்கும் தொடர்ச்சியா போகுதான்னு மீட்டர் வச்சு பாத்துடுங்க, மலிவு டிரான்ஸ்பார்மர்ல அத விட்டுருவாங்க. ஹேர் டிரையருக்குன்னு விக்கற குட்டி டிராவல் கன்வெர்டர் பக்கமே போகாதீங்க.

அது 60கள்ல வந்த பழைய ஆம்பா இருந்தா ரெண்டு பின் வயர்தான் இருக்கும், உள்ள லைனுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு கண்டென்சர் இருக்கும், அது ஷார்ட் ஆச்சுன்னா கிட்டார் கம்பியிலயே கரண்ட் வரும், வெள்ளக்காரங்களே அதுக்கு எமன் கண்டென்சர்ங்கற அர்த்தத்துலதான் பேர் வச்சிருக்காங்க. அதக் கழட்டிட்டு மூணு பின் வயர் போடாம ஸ்விட்சே போடாதீங்க.

கேள்வி: எங்க ஏரியால கரண்ட் அடிக்கடி போகும். சர்ச்ல வாசிக்கறேன், இன்வெர்டர்ல என் டியூப் ஆம்ப் கொர்ருனு இரையுது, சவுண்டும் சாஃப்டா ஆயிடுது. ஏன்? (கோவை)

பதில்: உங்க இன்வெர்டர் ஸ்கொயர் வேவா இருக்கும். மெயின்ஸ் 230னு சொன்னாலும் அதோட உச்சி 325 வோல்ட், ஆம்ப் உள்ள டிசி உண்டாகறது அந்த உச்சியில இருந்துதான். ஸ்கொயர் வேவ்ல உச்சி அவ்ளோ உயரம் போகாது, அதனால வால்வுக்குப் போற வோல்டேஜ் குறையுது, சவுண்டு சாஃப்டாகுது. தமாஷு என்னன்னா எட்டி வேன் ஹேலன் இதையே வேணும்னு செஞ்சாரு, வேரியாக் (வோல்டேஜ ஏத்தி இறக்கற டிரான்ஸ்பார்மர்) வச்சு 100 வாட் மார்ஷலுக்கு அமெரிக்க 120 வோல்ட்ட 90 கிட்ட இறக்கித்தான் வாசிச்சாரு. ஆனா உங்க கேஸ்ல அந்த கொர்ர் நல்லதில்ல, டிரான்ஸ்பார்மர் சூடாகும். சைன் வேவ் இன்வெர்டர்ல போடுங்க.

கேள்வி: அண்ணே, நான் எலக்ட்ரீஷியன். பையனோட பழைய வால்வு ஆம்ப்ல ஹம் வருது, நானே பிரிச்சுப் பாக்கலாம்னு இருக்கேன். (நாகர்கோவில்)

பதில்: உங்களுக்கு 230 பழக்கம், அதுதான் எனக்கு பயமே. உள்ள இருக்கறது 400 வோல்ட் வரைக்கும் டிசி, சில ஆம்ப்ல அதுக்கும் மேல, பிளக்க உருவினாலும் பில்டர் கண்டென்சர்ல சார்ஜ் நிக்கும். மீட்டர் வச்சு டிஸ்சார்ஜ் ஆயிடுச்சான்னு பாக்காம விரல் வைக்கக் கூடாது, முடிஞ்சா ஒரு கை பாக்கெட்ல இருக்கட்டும்.

பிரிக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். கிட்டார் வயர உருவுங்க. ஹம் நின்னுச்சுன்னா ஆம்ப் மேல தப்பில்ல, கிட்டார்ல கம்பி அதிர்வ வாங்கற சிங்கிள் காயில் பிக்கப்போ வயரோதான். நிக்கலன்னா காதக் குடுத்து கேளுங்க, அடித்தொண்டையில முனகினா 50 ஹெர்ட்ஸ், வால்வ சூடாக்கற ஹீட்டர் வயரோ எர்த்தோ பிரச்சனை, அதுக்கு ஒரு ஸ்தாயி மேல கரகரனு இருந்தா 100 ஹெர்ட்ஸ், பில்டர் கண்டென்சர் செத்துப் போச்சு. பழைய ஆம்ப்ல ரெண்டாவதுதான் ஜாஸ்தி, நம்ம வெக்கைக்கு அது சீக்கிரமே காஞ்சுரும். வால்வ பென்சிலால மெதுவா தட்டுங்க, எதுல தட்டினா ஸ்பீக்கர்ல டிங்குனு பெருசா கேக்குதோ அத மாத்துங்க. ஒண்ணு மறக்காதீங்க, ஸ்பீக்கர் மாட்டாம டியூப் ஆம்ப ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிரும், ஆம்ப்லயே வெல ஜாஸ்தியான பார்ட்ல அதுவும் ஒண்ணு.

கேள்வி: பழைய ரேடியோ கடையில பெல் கம்பெனி ஈஎல்84 வால்வு நாலு கெடச்சுது, பாக்ஸ் பிரிக்காதது. போடலாமா? (திருநெல்வேலி)

பதில்: தாராளமா! பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் சரக்கு, ரேடியோவுக்குன்னு வந்த அதே வால்வுதான் வாக்ஸ்லயும் உக்காருது. டெஸ்டர்ல பாத்து ஒரே அளவுல கரண்ட் இழுக்கறதா சோடி சேத்து போடுங்க. மொத பத்து நிமிஷம் லைட்ட அணைச்சுட்டு பாருங்க, உள்ள தகடு செவந்து வந்தா ஒடனே ஆப் பண்ணுங்க. பழசுங்கறதுக்காக மட்டும் பத்து மடங்கு வெல குடுக்காதீங்க, ஸ்லோவாக்கியால ஜேஜே போடற புது வால்வு வீட்டு வாசிப்புக்கு நல்லாவே இருக்கு.

கேள்வி: நல்ல ஆம்ப், நல்ல ஸ்ட்ராட் கிட்டார், எல்லாம் இருக்கு. ஆனா ரெக்கார்டுல கேக்கற மாதிரி வரவே மாட்டேங்குது, காதக் குத்துது. பெடல் வாங்கணுமா? (யாழ்ப்பாணம்)

பதில்: இப்ப வாங்காதீங்க. ரெக்கார்டுல நீங்க கேக்கறது ஸ்பீக்கர ஒட்டி வச்ச மைக் கேட்ட சவுண்டு, பெரும்பாலும் ஷூர் எஸ்எம்57, ஸ்பீக்கரோட நடுவுல இருந்து கொஞ்சம் தள்ளி. நீங்க ஆம்புக்கு நேரா நடுவுல நின்னு கேக்கறீங்க, அங்கதான் டிரெபிள் ஊசி மாதிரி வரும். ரெண்டடி பக்கவாட்டுல நகந்து பாருங்க.

அப்பறம் கிட்டார் வால்யூம எப்பவும் பத்துலயே வச்சிருப்பீங்கன்னு நெனைக்கறேன், எல்லாரும் அப்படித்தான். கிட்டார் பத்துல இருக்கும்போது அழுத்தி அடிச்சா மட்டும் உடையற அளவுக்கு ஆம்ப ஏத்திட்டு, கிட்டார ஆறு ஏழுக்கு இறக்குங்க, சுத்தமாயிடும், சோலோ வரும்போது சுண்டு விரலால பத்துக்கு ஏத்துங்க. பழைய ஆளுங்க பாதி பேர் இதத்தான் செஞ்சாங்க, காலடியில ஒண்ணுமே இருக்காது. பெண்டர் பிளாக்பேஸ் (60கள்ல வந்த கருப்பு முகப்பு ஆம்ப்) மாதிரி ஆம்ப்ல டிரெபிள், மிட், பேஸ் மூணும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்ட மாதிரி, மூணையும் சைபருக்குக் கொண்டு போனா சத்தமே கிட்டத்தட்ட நின்னுரும். அதனால படத்துல பாத்த நம்பர வைக்காதீங்க. டிரெபிள மூணுக்கு இறக்கிட்டு, மிட்ட ஏத்திக்கிட்டே வாங்க, குத்தல் போயி ஒடம்பு வர்ற எடத்துல நிறுத்துங்க. அதுக்கப்பறமும் குத்தினா ஸ்பீக்கர மாத்தற காச சேத்து வைங்க.