மேசை போட்டால் போதுமா?

கேள்வி: தெற்குத் தாய்லாந்தில் பிரிவினை கேட்கும் மலாய் முஸ்லிம் போராளிகளும் அரசும் மேசையில் உட்கார்ந்து பேசினால் ஒரே மாதத்தில் தீராதா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: மேசை என்றால் அவ்வளவு இளப்பமா? 1968இல் வியட்நாம் பேச்சுக்குப் பாரிஸ் வந்தவர்கள், மேசை வட்டமா நீளமா என்று மல்லுக்கட்டியே இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டினார்கள். கடைசியில் நடுவில் வட்ட மேசை, 45 சென்டிமீட்டர் தள்ளி எழுத்தர்களுக்கு இரண்டு செவ்வக மேசை, கொடி கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது என்று முடிந்தது. 1973இல் அமைதி நோபலை அந்தப் பேச்சில் அமெரிக்கத் தரப்பிலிருந்த கிஸிஞ்சருக்குக் கொடுத்தார்கள். தச்சருக்குக் கொடுத்திருக்கலாம்.

நீங்கள் கேட்கும் தெற்குத் தாய்லாந்தின் பட்டானிப் பகுதிக்கு 2013 பிப்ரவரி 28இலேயே கோலாலம்பூரில் மேசை போட்டாயிற்று. சிக்கல் நாற்காலியில். போராளிகளின் முக்கிய இயக்கமான பி.ஆர்.என். சார்பில் உட்கார்ந்த ஹசன் தாயிப் சொன்னதைக் களத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கேட்கவில்லை. அந்த வருட ரமலான் சண்டை நிறுத்தம் ரமலான் முடியுமுன்பே சிதறிற்று. எதிர் நாற்காலியிலோ பாங்காக்கில் ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார். 2014இல் ஆட்சியையே ராணுவம் தூக்கிக்கொண்டு போனது. பி.ஆர்.என். வெளிப்படையாக நேரில் வந்து உட்கார 2020 ஆகிவிட்டது. வெளிநாட்டுப் பார்வையாளர் வேண்டும் என்கிறது அது. உள்நாட்டு விவகாரம் என்கிறது பாங்காக். தாய்லாந்து பிரிக்க முடியாத ஒரே நாடு என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே சொல்வதால், தன்னாட்சி என்று வாயெடுக்கவே அதிகாரிகளுக்கு உதறல். 2005 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் அவசரநிலை ஆணையில், குற்றச்சாட்டே இல்லாமல் 30 நாள் வரை உள்ளே வைக்கலாம். பி.ஆர்.என்.னும் சொக்கத் தங்கமில்லை. பள்ளி ஆசிரியர்களைச் சுட்டுக் கொன்ற இயக்கத்துக்கு எந்த பௌத்தக் குடும்பம் இறங்கிவரும்?

எல்லாவற்றுக்கும் மேலே, அதே தெற்கிலுள்ள தாக் பாய் என்ற ஊரில் நடந்தது. 2004 அக்டோபர் 25 அன்று ஆர்ப்பாட்டக்காரர்களைக் கையைப் பின்னால் கட்டி, ராணுவ லாரியில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிக்கொண்டு போனதில் 78 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். வழக்குக்குக் காலவரம்பு 20 ஆண்டு. 2024 அக்டோபரில் அது காலாவதியானது. ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. அரசு நீட்டும் பாதுகாப்பு உத்தரவாதக் காகிதத்தை எதிர்த்தரப்பு எதை நம்பி வாங்கும்?

ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியில் வரும் இலங்காசோகம் இந்தப் பகுதிதான் என்பார்கள் ஆய்வாளர்கள். 'நம்மவர் வென்ற இடம், நாமே பஞ்சாயத்து பண்ணலாமே' என்று சோழ அபிமானிகள் இந்த முறையும் கடிதம் எழுத வேண்டாம். அவர் அங்கே கப்பல் அனுப்பியது பேசுவதற்கு அல்ல.