பொன்விழா அத்தைக்குத் தங்கச் சங்கிலி போடலாமா?

கேள்வி: என் அத்தை (அப்பாவின் தங்கை) கன்னியர் மடத்து சிஸ்டர். வயது 74. பர்மாவில் ஷான் மாநிலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்துவிட்டார். 1976இல் முதல் வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்தவருக்கு இந்த வருடம் பொன்விழா. பாட்டி சாகும்போது அவருக்கென்று எடுத்துவைத்த தங்கச் சங்கிலியைப் பூசையன்று எல்லார் முன்னாலும் கழுத்தில் போடவேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். பணமாகக் கவரில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. அத்தையைக் கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்மா, எல்லாரும் வந்து நின்னா போதும்" என்கிறார். ஒரு மாதம் ரங்கூனுக்கு அழைத்துவந்து எங்களோடு வைத்துக்கொள்ளவும் ஆசை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: முதலில் ஒரு பேனாக் கதை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களுக்கு ஞானோபதேசம் (மறைக்கல்வி) சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு என் அம்மா நல்ல மைப்பேனா ஒன்று வாங்கிக் கொடுத்தார். எங்கள் வசதிக்கு அது பெரிய செலவு. அடுத்த ஞாயிறு பார்த்தால் அந்தப் பேனா மடத்துக் கணக்கு எழுதும் வேறொரு சிஸ்டர் கையில் இருந்தது. எங்கள் சிஸ்டர் பழையபடி துண்டுப் பென்சிலோடு வந்தார். அம்மாவுக்கு முகமே சுண்டிப்போய்விட்டது. "பிடிக்கலைன்னா வாங்கிக்காம இருந்திருக்கலாமே" என்று வீடு வரும்வரை புலம்பினார். பிடிக்காமல் இல்லை. வந்ததை மதரிடம், அதாவது மடத்துத் தலைவியிடம், கொண்டுபோய் வைத்திருக்கிறார், அங்கே யாருக்குத் தேவையோ அவருக்குப் போயிருக்கிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு என்பது நடைமுறையில் இதுதான்.

இப்போது சங்கிலிக்கு வருவோம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1983இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, துறவியாக இருந்து உழைத்துச் சம்பாதிப்பது, அவர் சேர்ந்திருக்கும் துறவற சபைக்காக வந்து சேர்வது, ஓய்வூதியம் எல்லாம் பொதுவாக சபையைச் சேரும். குடும்பச் சொத்து அப்படி இல்லை. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்பே அதை நிர்வகிக்கும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வாழ்நாள் முழுவதற்கும் கொடுக்கும் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் உயிலும் எழுதிவைக்க வேண்டும். ஆக, பாட்டி விட்டுப்போன சங்கிலி அத்தை பேரிலேயே இருக்கலாம், ஆனால் போட்டு அழகு பார்க்க முடியாது. சபைக்குச் சபை விதி கொஞ்சம் மாறும். எந்தச் சபை என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் மதரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பூசையன்று மாலை போடட்டும், சங்கிலி வேண்டாம். கோயில் நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் அத்தை கூசிப்போய் நிற்பார். சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். "இது யாருக்குப் போகணும், நீயே சொல்லு" என்று அண்ணன் தங்கையிடம் தனியாகக் கேட்கட்டும். பாட்டியின் ஆசையும் வீணாகாது.

தம்பியின் கவர் தப்பில்லை. ஆனால் அது சபைக் கணக்கில் சேரும் என்று தெரிந்தே கொடுக்கவேண்டும். பிறகு "அத்தைக்குன்னு கொடுத்தேனே" என்று முணுமுணுக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 1976தான். அத்தைக்கு 13 வயது இருக்கும்போது, 1965இல், மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய வருடம்தான் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போய், நம் தமிழ் ஆட்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1966இல், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வெளிநாட்டுச் சாமியார்களும் சிஸ்டர்களும் நாட்டைவிட்டுப் போகவேண்டியதாயிற்று. சூசையப்பர் சபை சிஸ்டர்கள் பர்மாவில் வந்து இறங்கியது 1847இல். நூறு வருடத்துக்கு மேல் கட்டியெழுப்பிய வகுப்பறைகள் இப்படிக் கைமாறிப்போயின. இதையெல்லாம் கண்ணால் பார்த்த பெண், மடத்துக்கென்று பள்ளிக்கூடமே இல்லாத காலத்தில், பாடம் சொல்லிக்கொடுக்கவென்று மடத்தில் சேர்ந்திருக்கிறார்! என்ன துணிச்சல் பாருங்கள். அப்புறம் இந்த சிஸ்டர்களுக்குக் கிடைத்தது போர்டிங்கில் (மடத்து விடுதியில்) தங்கும் பிள்ளைகள், பாலர் வகுப்பு, தையல், ஞானோபதேசம் இவைதான். மலையில் பள்ளி இல்லாத ஊரிலிருந்து வரும் பிள்ளை பகலில் அரசாங்கப் பள்ளிக்குப் போகும். சாயந்திரம் போர்டிங்கில் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடும். தனியார் பள்ளிக்குச் சட்டம் மறுபடி இடம் கொடுத்தது 2011இல். அப்போது அத்தைக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது.

அதனால் பரிசை அந்தச் சாயந்திர வேளைக்குக் கொடுங்கள் என்பேன். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. போர்டிங்கில் பிள்ளைகள் படிக்கும் நேரத்துக்கு விளக்கு எரிய ஒரு சோலார் பேனல், பேட்டரி, நாலு பல்பு. குடும்பமாகச் சேர்ந்து போட்டால் முடியாத காரியம் இல்லை. வாங்குவதற்கு முன் மதரிடம் கேளுங்கள். ஏற்கெனவே இருந்தால் பழைய பேட்டரியை மாற்றிக் கொடுத்தாலே போதும்.

ஒரு மாதம் வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி: வீட்டு விடுமுறை எத்தனை நாள் என்பதை சபை விதியும் மதரும்தான் முடிவு செய்வார்கள். ஒரு வாரமோ பத்து நாளோ என்று கேட்டுப் பாருங்கள். அத்தையை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள், தனக்கென்று கேட்டுப் பழகாதவர். அப்பாவே ஒரு கடிதம் எழுதட்டும். வந்தால் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். அங்கே பர்மிய மொழியும் மலைமக்கள் பேச்சும்தான் காதில் விழுந்துகொண்டிருக்கும். இங்கே அண்ணனோடு உட்கார்ந்து வாய் நிறையத் தமிழ் பேசட்டும், பாட்டி சொன்ன ஜெபங்களைச் சொல்லட்டும்.

பொன்விழாவுக்குப் போகும்போது மாங்காய் ஊறுகாய் கொண்டுபோகத் தோன்றும். கொண்டுபோங்கள். ஆனால் அத்தைக்கு மட்டும் என்று சின்ன பாட்டிலில் போடாதீர்கள். சாப்பாட்டு மேஜையில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்த ஜாடியாகப் பாருங்கள்.